நவீன ஓவியர்களும் அவர்களுடைய புரவலர்களும்: மாணவர்களைக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியங்களை அவை ஏளனத்துக்கு உள்ளாகியிருந்த நாள்களிலேயே விலை கொடுத்து வாங்கியவர்களை மையமாக வைத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் கண்காட்சிகள் நடத்துகின்றன. 2011, 2012ஆம் ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ, பாரிஸ், நியூயார்க் நகரங்களில் அடுத்தடுத்து நடந்த ஸ்டைன் குடும்பச் சேகரிப்புக் கண்காட்சியும், 2016 அக்டோபர் முதல் 2017 மார்ச் வரை பாரிஸில் நடந்து பன்னிரண்டு இலட்சம் பேருக்கு மேல் கண்ட ஷ்சூகின் சேகரிப்புக் கண்காட்சியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய கண்காட்சிகளுக்கோ, இதே சேகரிப்புகள் நிலையாக வைக்கப்பட்டுள்ள அருங்காட்சியகங்களுக்கோ மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்களும் பெற்றோரும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

புரவலரைப் பற்றிய கண்காட்சியில் மாணவர் எதைப் பார்க்க வேண்டும்? ஓவியத்தையா, வாங்கியவரின் கதையையா?

ஓவியத்தைத்தான். ஆனால் தனி ஓவியர் ஒருவரின் கண்காட்சியில் எழாத சில கேள்விகள் இங்கே எழும். இந்தப் படத்துக்கு அன்று யார் எவ்வளவு கொடுத்தார், அவரிடம் அந்தப் பணம் எப்படி வந்தது, வாங்கியவரின் விருப்பமோ வீட்டுச் சுவரின் அளவோ படத்தின் உருவை மாற்றியதா, அது இன்று இந்தச் சுவருக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பவையே அக்கேள்விகள். மாணவர் இவற்றைக் கேட்கப் பழகாவிட்டால், பெரிய மனத்துடைய செல்வர்கள் ஏழை ஓவியர்களைக் காப்பாற்றினார்கள் என்ற இனிப்பான கதையை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவார். அந்தக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி உண்மை.

புரவலர், சேகரிப்பாளர், ஓவிய வணிகர் ஆகிய மூவரையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

செய்த செயலைக் கொண்டு பிரிக்கலாம். மாஸ்கோவின் துணி வணிகரான செர்கேய் ஷ்சூகின் தம் மாளிகையின் மாடிப்படிச் சுவர்களுக்கென்றே பிரெஞ்சு ஓவியர் மத்தீஸிடம் 'நடனம்', 'இசை' என்னும் இரு பெரிய ஓவியங்களை வரையச் சொல்லி முன்கூட்டியே விலை பேசினார். அது புரவலரின் செயல். வரைந்து முடித்த படங்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தபோது அதே ஷ்சூகின் சேகரிப்பாளராகிறார். பாரிஸின் பால் துராந்த்-ருயேல் மோனே, ரெனுவார் முதலியோரின் படங்களை விற்பதற்காக வாங்கிய வணிகர். எனினும் விற்கும் வாய்ப்பே தெரியாத ஆண்டுகளிலும் அவர்களுக்குப் பணம் கொடுத்துத் தாங்கினார். ஆகவே ஒருவரே மூன்று வேடங்களிலும் வரக்கூடும் என்பதையும் மாணவரிடம் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

புறப்படுவதற்கு முன் வகுப்பில் எவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டும்?

ஒரு குடும்பத்தின் கதையைச் சரியாகச் சொன்னால் போதும். கலை இயக்கங்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வைப்பதைக் காட்டிலும் அது பயன் தரும் என்பது எங்கள் கருத்து. ஸ்டைன் குடும்பம் இதற்கு மிகவும் பொருத்தமானது. ஏனெனில் இவ்வகைக் கண்காட்சிகளில் வரும் ஏனைய பலரும் ஏதோ ஒரு வழியில் அவர்களோடு தொடர்புடையவர்கள்.

லியோ, கெர்ட்ரூட் என்னும் ஸ்டைன் உடன்பிறப்புகள் அமெரிக்காவிலிருந்து வந்து 1903 முதல் பாரிஸில், ஃப்ளூரூஸ் தெரு 27ஆம் எண் வீட்டில் ஒன்றாக வாழ்ந்தார்கள். மூத்த அண்ணன் மைக்கேலும் அவருடைய மனைவி சாராவும் அடுத்த ஆண்டு வந்து அருகிலேயே குடியேறினார்கள். சான் பிரான்சிஸ்கோவின் டிராம் வண்டித் தொழிலிலும் வாடகை வீடுகளிலும் தந்தை விட்டுச் சென்ற சொத்தை மைக்கேல் திறமையாக நிர்வகித்ததால், எவரும் வேலைக்குப் போகாமல் வாழுமளவு வருமானம் வந்தது. ஆனால் அவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். 1904இல் கணக்கில் 8,000 பிராங்க் எதிர்பாராமல் மிஞ்சியிருப்பதாக அறிந்தவுடன் வணிகர் வொல்லாரின் கடைக்குச் சென்று செசான், கொகேன், ரெனுவார் ஆகியோரின் படங்களை வாங்கினார்கள். அந்த ஓவியர்களின் விலை ஏறத் தொடங்கியிருந்த அந்த நேரத்தில் இவர்களால் தொடர்ந்து வாங்கக்கூடியவர்களாக இருந்தவர்கள் இன்னும் விலை ஏறாத இளைஞர்களே.

1905ஆம் ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் மத்தீஸ் வைத்த 'தொப்பியணிந்த பெண்' ஓவியத்தைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. முகத்தில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக அப்பப்பட்டிருந்த, தம் மனைவியையே இருத்தி அவர் வரைந்த படம் அது. ஸ்டைன் குடும்பத்தினர் விலையைக் குறைத்துக் கேட்டதாகவும், விட்டுக்கொடுக்காமல் காத்திருக்கும்படி மத்தீஸின் மனைவி உறுதியாகச் சொன்னதாகவும் கூறுவர். இறுதியில் 500 பிராங்குக்கே படம் கைமாறியது. அதே காலத்தில் பிக்காசோவின் 'பூக்கூடையுடன் சிறுமி' 150 பிராங்குக்கு அவர்களிடம் வந்தது. அந்தப் படம் 2018இல் நியூயார்க் ஏலத்தில் 11.5 கோடி டாலருக்கு விற்றது. இந்த இரு எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் சற்று நேரம் விட்டுவிடுங்கள். வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும்.

சனிக்கிழமை மாலைகளில் அவர்கள் வீட்டின் கதவு திறந்திருந்தது. அருங்காட்சியகம் எதிலும் காண முடியாத படங்களை விளக்கொளியில் காண ஓவியர்களும் எழுத்தாளர்களும் பயணிகளும் வந்தனர். பிக்காசோவும் மத்தீஸும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது இந்தச் சூழலில்தான். சுருங்கச் சொன்னால், ஸ்டைன் குடும்பம் ஓவியர்களுக்குக் கொடுத்தவற்றில் பணத்தைவிடச் சுவரும் பார்வையாளர்களும் பெரியவை.

பணம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்டால் அது அநாகரிகம் ஆகாதா?

ஆகாது, கேட்கவில்லை என்றால்தான் நாம் கவலைப்பட வேண்டும். பால்டிமோரைச் சேர்ந்த கிளாரிபெல் கோன், எட்டா கோன் சகோதரிகள் வாங்கிய மத்தீஸ் படங்களுக்குப் பின்னால் அவர்களுடைய அண்ணன்மார் வட கரோலினாவில் நடத்திய நூற்பாலைகளும் நெசவாலைகளும் இருக்கின்றன. உழைப்பாளிகள் அணிந்த நீல டெனிம் துணி அங்கே நெய்யப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவின் ஆல்பர்ட் பார்ன்ஸ் 'ஆர்ஜிரால்' என்ற வெள்ளிச் சேர்மக் கிருமிநாசினியை விற்றுச் செல்வரானவர். பிறந்த குழந்தைகளின் கண்ணில் தொற்று வராமல் தடுக்க அந்த மருந்தை ஊற்றுவது வழக்கமாக இருந்தது. ஷ்சூகினின் பணம் துணி வணிகத்திலிருந்து வந்தது. ஆலைத் தொழிலாளரின் உழைப்பு, நோயாளியின் மருந்துச் செலவு, டிராம் பயணியின் கட்டணம் ஆகியவற்றில் ஒரு பகுதி வண்ணமாக மாறிச் சுவரில் தொங்குகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவரால் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். இதனால் படத்தின் அழகு குறைவதில்லை. நாங்கள் பார்த்தவரை, பொருளாதாரத்தில் ஆர்வமுள்ள, ஓவியம் என்றாலே ஒதுங்கும் மாணவர்கள் வாய் திறப்பது இந்த இடத்தில்தான்.

கூடத்துக்குள் எத்தனை படங்களைக் காட்டுவது?

ஒன்றரை மணி நேரம் இருந்தால் ஐந்து அல்லது ஆறு. மீதியை மாணவர்கள் தங்கள் விருப்பம் போல் நடந்து பார்க்கட்டும். தேர்ந்தெடுக்கும் படங்களில் குறைந்தது இரண்டு, புரவலருக்கும் ஓவியருக்கும் இடையே நடந்தது படத்துக்குள்ளேயே தெரியும்படி இருக்க வேண்டும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும், பிக்காசோ வரைந்த கெர்ட்ரூட் ஸ்டைன் உருவப்படம் அத்தகையது. 1905–06இல் எண்பது முறைக்கு மேல் அவர் பிக்காசோவின் எதிரே அமர்ந்தார் என்பது அவர்கள் விட்டுச் சென்ற செய்தி. அவ்வளவுக்குப் பின்னும் முகம் பிடிபடாததால் பிக்காசோ தலையை மட்டும் அழித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போனார். திரும்பி வந்தபின் எதிரே ஆளே இல்லாமல் முகத்தை வரைந்து முடித்தார். ஸ்பெயினின் பழைய ஐபீரியக் கற்சிற்பங்களின் முகமூடித் தன்மை அந்த முகத்தில் ஏறியிருக்கிறது. கைகளும் ஆடையும் ஒரு விதமாகவும் முகம் வேறு விதமாகவும் இருப்பதை, கதையைச் சொல்லும் முன்பே மாணவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். பொறுமையாகத் திரும்பத் திரும்ப வந்து அமர்ந்த அந்தப் பெண், பணம் கொடுக்கும் புரவலராக மட்டும் இருந்திருந்தால் இப்படம் உருவாகியிருக்குமா என்று அப்போது கேட்கலாம்.

மற்றொன்று, ஆல்பர்ட் பார்ன்ஸின் சேகரிப்பு வைக்கப்பட்டுள்ள பார்ன்ஸ் அறக்கட்டளையின் பெருங்கூடத்தில் சன்னல்களுக்கு மேலே மூன்று வளைவுகளை நிரப்பும் மத்தீஸின் 'நடனம்'; ஷ்சூகினுக்கு வரைந்த 'நடனம்' வேறு. புரவலரின் கட்டடம் ஓவியரை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பிரான்ஸின் நீஸ் நகரில் வாடகைக்கு எடுத்த கொட்டகையில் வரைந்துகொண்டிருந்த மத்தீஸ், அளவுகள் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததை நெடுநாள் உழைத்த பிறகே அறிந்தார். முழுவதையும் புதிதாகத் தொடங்கி 1933இல் முடித்தார். அளவு தவறிய அந்தப் படைப்பு இன்று பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தின் அருகிலுள்ள குறிப்பு அட்டையில் கடைசி வரியை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள்?

படம் எவருடைய கொடை, எந்த ஆண்டு வந்தது என்பது அங்கேதான் இருக்கும். மெட்ரோபாலிட்டனில் இருக்கும் அந்த உருவப்படத்தின் அட்டை, அது கெர்ட்ரூட் ஸ்டைன் 1946இல் தம் உயில் வழியே கொடுத்தது என்று சொல்லும். 'தொப்பியணிந்த பெண்' சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு எலீஸ் ஹாஸ் என்பவரின் கொடையாக வந்தது என்று இன்னோர் அட்டை சொல்லும். அப்படியானால் ஸ்டைன் குடும்பம் அதை எப்போது, ஏன் விட்டுக்கொடுத்தது என்ற கேள்வி உடனே பிறக்கிறது. அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் பல படங்களுக்கு முழு உடைமை வரலாறும் தரப்பட்டிருக்கும்.

பார்ன்ஸ் அறக்கட்டளையில் அட்டையே இல்லையே, அங்கே மாணவர் திணற மாட்டார்களா?

முதல் சில நிமிடங்கள் திணறுவார்கள். அது பார்ன்ஸ் விரும்பியதுதான். பெயரையும் ஆண்டையும் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் நகர்பவர்களை அவர் வெறுத்தார். ஓவியங்களுக்கு இடையே பழைய இரும்புப் பூட்டுகளையும் கீல்களையும் சுவரில் பதித்து, வடிவமும் வண்ணமும் ஒன்றோடொன்று எப்படி உறவாடுகின்றன என்று பார்க்கச் செய்தார். 181 ரெனுவார், 69 செசான், 59 மத்தீஸ் படங்கள் இப்படி அடுக்கப்பட்டுள்ளன. 2012இல் மெரியன் என்னும் புறநகரிலிருந்து ஃபிலடெல்ஃபியாவின் நடுப்பகுதிக்குச் சேகரிப்பு இடம் மாறியபோதும், நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, பழைய அடுக்குமுறை அப்படியே பேணப்பட்டது.

பார்ன்ஸின் பிடிவாதம் மாணவர்களுக்குச் சுவையான விவாதப் பொருள். தம் தொழிற்சாலையில் பணி நேரத்திலேயே தொழிலாளர்களுக்குக் கலை வகுப்பு நடத்தியவர், தமக்குப் பிடிக்காத பேராசிரியர்களுக்கும் விமர்சகர்களுக்கும் கதவை அடைத்தார். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1961இல்தான், நீதிமன்ற வழக்கின் விளைவாகப் பொதுமக்களுக்குக் கதவு ஒழுங்காகத் திறந்தது. யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமை உடைமையாளருக்கு உண்டா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாட ஏற்ற கேள்வி இது.

நிர்வாண ஓவியங்கள் இருக்கும் கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது சரியா என்று பெற்றோர் தயங்குகிறார்கள். என்ன சொல்வது?

முன்கூட்டியே, நேராகச் சொல்லிவிடுங்கள். இந்தக் காலத்து ஓவியங்களில் ஆடையற்ற உடல் மிகுதியாக வரும். மறைத்து அழைத்துச் சென்றுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது நம்பிக்கையைக் கெடுக்கும். கோவிலில் சிற்பம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நாம் அஞ்சும் அளவுக்குப் புதிதும் அன்று. கூச்சம் அன்றைய புரவலர்களுக்கும் இருந்தது என்பதையும் சொல்லலாம். 1910இல் பாரிஸில் 'நடனம்', 'இசை' இரண்டும் எள்ளி நகையாடப்பட்டதைக் கண்ட ஷ்சூகின் அவற்றை வாங்க மறுத்துவிட்டார். ஊர் திரும்பும் வழியில் மனம் மாறி, அனுப்பிவையுங்கள் என்று தெரிவித்தார். ஆயினும் 'இசை' ஓவியத்தில் குழலூதும் சிறுவனின் உடலில் ஓரிடத்தைச் சிவப்பு வண்ணம் பூசி மறைக்கச் செய்தார்.

"இதை என் தம்பியே வரைந்துவிடுவான்" என்று மாணவர் சொன்னால்?

கண்டிக்க வேண்டாம். அவர்களுக்கு முன்னால் அதைச் சொன்னவர்கள் ஓவிய மாணவர்களே. 1913இல் அமெரிக்காவில் நவீன ஓவியங்களை முதன்முதலாகப் பேரளவில் காட்டிய ஆர்மரி கண்காட்சி சிகாகோவுக்கு வந்தபோது, அங்கிருந்த கலைப் பள்ளி மாணவர்கள் மத்தீஸின் மீது போலி வழக்கு நடத்தி, அவருடைய படங்களின் நகல்களை எரித்தார்கள். எரிந்த நகல்களில் ஒன்று, லியோ ஸ்டைன் கடனாகக் கொடுத்திருந்த 'நீல நிர்வாணம்' ஓவியத்தினுடையது. அசல் தப்பியது, பல கை மாறி, 1926இல் பாரிஸ் ஏலத்தில் கிளாரிபெல் கோன் அதை 1,20,760 பிராங்க் கொடுத்து வாங்கினார். இன்று பால்டிமோரில் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. ஷ்சூகின் தம் மாஸ்கோ மாளிகையை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவைத்துத் தாமே வருகையாளர்களுக்குப் படங்களை விளக்கினார். பிரான்ஸுக்கே போயிராத இளம் ரஷ்ய ஓவியர்களும் ஓவியப் பள்ளி மாணவர்களும் மத்தீஸையும் பிக்காசோவையும் அங்கே கண்டனர். அவர்களுடைய ஆசிரியர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் ரஷ்யாவில் எழுந்த துணிச்சலான ஓவியத்துக்கு அந்த வீடும் ஒரு விதைநிலம். 1918இல் லெனினின் ஆணையால் அந்தச் சேகரிப்பு நாட்டுடைமை ஆனது. 1948இல் ஸ்டாலின் ஆட்சி அதை இரண்டாகப் பிரித்து மாஸ்கோ, லெனின்கிராட் அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியது. ஷ்சூகின் நாட்டைவிட்டு வெளியேறி 1936இல் பாரிஸில் இறந்தார்.

புரவலரின் அரசியல் தவறுகளை மாணவரிடம் பேச வேண்டுமா?

பேச வேண்டும். யூதரான கெர்ட்ரூட் ஸ்டைன் நாஜிகளின் பிடியிலிருந்த பிரான்ஸில் உயிர் பிழைத்ததில், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசில் செல்வாக்குடன் இருந்த பெர்னார் ஃபாய் என்ற நண்பரின் பாதுகாப்புக்குப் பங்கு உண்டு. அந்த அரசின் தலைவர் பெத்தேனின் உரைகளை மொழிபெயர்க்கவும் கெர்ட்ரூட் முற்பட்டார். 2012இல் நியூயார்க்கில் ஸ்டைன் குடும்பச் சேகரிப்புக் கண்காட்சி நடந்தபோது இது சொல்லப்படாமல் விடப்பட்டதைப் பலர் கண்டித்ததால், அருங்காட்சியகம் சுவர்க் குறிப்பில் அதைச் சேர்த்தது. சுவரில் எழுதப்பட்டிருப்பதும் ஒருவர் தேர்ந்தெடுத்து எழுதியதே. எதை விட்டார்கள் என்றும் கேட்கலாம் என மாணவர் உணர இது தக்க சான்று.

கூடத்தில் பின்பற்ற வேண்டிய விதிகள் யாவை?

முதுகுப் பையைப் பாதுகாப்பறையில் வைக்க வேண்டும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். படத்திலிருந்து கையெட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். மின்னொளி போட்டுப் புகைப்படம் எடுக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் விதி இவ்வளவே. குழுவாகச் செல்வதாக இருந்தால் முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம்.

தற்காலிகக் கண்காட்சி எதுவும் இல்லாதபோது எங்கே செல்லலாம்?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை பால்டிமோர் கலை அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. கிளாரிபெல் மருத்துவர், எட்டா வீட்டைக் கவனித்தவர், இருவரையும் ஓவியர்களிடம் அறிமுகப்படுத்தியவர்கள் ஸ்டைன் குடும்பத்தினர். 1929இல் கிளாரிபெல் இறந்தபோது, பால்டிமோர் மக்களுக்கு நவீன ஓவியத்தை மதிக்கும் மனம் வந்தால் மட்டுமே தம் பங்கை அவ்வூர் அருங்காட்சியகத்துக்குத் தரலாம் என்று தங்கைக்கு உயிலில் எழுதிவைத்தார். இந்த நிபந்தனையைக் காட்டிப் பிற நகரங்களின் அருங்காட்சியகங்கள் எட்டாவைச் சுற்றி வந்தன. எட்டா தம் ஊரையே தேர்ந்தார். 1949இல் அவர் மறைந்த பின் ஏறத்தாழ 3,000 பொருள்கள் அங்கே சேர்ந்தன; மத்தீஸின் படைப்புகள் மட்டும் ஏறக்குறைய 500.

அங்கே 1935ஆம் ஆண்டின் 'சாய்ந்திருக்கும் பெரிய நிர்வாணம்' ஓவியத்தைத் தவறவிட வேண்டாம். அது உருவான 22 நிலைகளைப் புகைப்படம் எடுத்து மத்தீஸ் எட்டாவுக்கு அனுப்பினார். வாங்குபவரை ஆர்வத்தில் வைத்திருக்கும் வணிக உத்தி என்றும் சொல்லலாம், நெடுநாள் தோழிக்குக் காட்டிய நம்பிக்கை என்றும் சொல்லலாம். எப்படியானாலும், ஓர் ஓவியர் தம் படத்தை எத்தனை முறை கலைத்துக் கட்டினார் என்பதை இன்றைய மாணவர் படிப்படியாகக் காண முடிவது அந்தப் புரவலரால்தான்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் பாரிஸின் ஓரான்ஜரி அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். பார்ன்ஸுக்குப் படங்கள் வாங்கித் தந்த வணிகர் பால் கியோமின் சேகரிப்பு அங்குள்ளது.

திரும்பி வந்த பின் என்ன எழுதச் சொல்வது?

"நான் கண்ட கண்காட்சி" என்ற கட்டுரை வேண்டாம். ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து, ஓவியரின் கையிலிருந்து இன்றைய சுவர் வரை அது யார் யாரிடம் இருந்தது, ஒவ்வொரு முறையும் ஏன் கைமாறியது என்று இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். போர், திருமணம், சண்டை, கடன், இறப்பு எல்லாம் அதில் வந்துவிடும். லியோவும் கெர்ட்ரூடும் 1913–14இல் மனம் கசந்து பிரிந்தபோது லியோ ரெனுவார் படங்களையும் கெர்ட்ரூட் பிக்காசோ படங்களையும் எடுத்துக்கொண்டார்கள். மைக்கேலும் சாராவும் 1914 கோடையில் பெர்லின் கண்காட்சிக்குக் கடன் கொடுத்த 19 மத்தீஸ் படங்கள் முதல் உலகப் போர் மூண்டதால் அங்கேயே சிக்கின. இறுதியில் அவற்றை ஸ்காந்திநேவியச் சேகரிப்பாளர்களுக்கு விற்க நேர்ந்தது. இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேடத் தொடங்கிய மாணவர் இரண்டு பக்கத்தோடு நிறுத்துவது கடினம்.

நேரில் செல்லவே வாய்ப்பில்லாத மாணவர்களுக்கு?

மேலே சொன்ன அருங்காட்சியகங்களின் இணையத்தளங்களில் பெரும்பாலான படங்கள் உடைமை விவரங்களுடன் கிடைக்கின்றன. வண்ணத்தையும் அளவையும் திரையில் நம்ப முடியாது. ஆகவே படத்தின் உண்மையான நீள அகலத்தை வகுப்புச் சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்து வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். கைமாறிய வரலாற்றை எழுதும் பயிற்சிக்குத் திரையே போதுமானது.